மூக்குக்காரம்மாவும் என் டப்பாவும்

இந்த அம்மாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மூன்று வருடம் இவரை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். போனை வைத்த பிறகுதான் திட்டுவேன். எனக்கும் வேலை முக்கியம்.

நகரத்துக்குத் தண்ணீர் அனுப்பும் நிலையத்தில் குளோரின் போடுவது என் வேலை. இங்கே தொட்டியில் மருந்தை விட வேண்டும். கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் போய் ஒரு சின்னக் கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்து, இரண்டு சொட்டு விட்டு நிறம் பார்க்க வேண்டும். நிறம் வெளுத்திருந்தால் இங்கே மருந்தைக் கொஞ்சம் கூட்டுவோம். அடர்ந்திருந்தால் குறைப்போம். பதினாலு வருடமாக இதையே செய்கிறேன். ஊரில் ஒருவருக்கும் என் முகம் தெரியாது, ஆனால் எல்லோரும் என் கைப்பக்குவத்தைத்தான் குடிக்கிறார்கள்.

வாரத்துக்கு ஒரு நாளாவது காலை ஆறே முக்காலுக்கு போன் அடிக்கும்.

"தம்பி, இன்னைக்குக் கொஞ்சம் கூடிருச்சு."

பெயர் சொல்ல மாட்டார். தெருவையும் கதவு எண்ணையும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். புகார் நோட்டில் அந்தக் கதவு எண்ணை எழுதி எழுதி எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. எரிச்சலோடு மீட்டரைப் போய்ப் பார்த்தால், வழக்கமான அளவை விட ஒரு மயிரிழை கூடத்தான் இருக்கும். இத்தனை ஆயிரம் வீடுகளில் வேறு யாருக்கும் தெரியாத அந்த மயிரிழை இவருக்கு மட்டும் எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ! நாங்கள் வைத்த பெயர் மூக்குக்காரம்மா.

ஒரு தடவை பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "ஏம்மா, உங்களுக்கு ஜலதோஷமே பிடிக்காதா?"

"பிடிச்சா அன்னைக்கு லீவு போட்டுருவேன் தம்பி" என்றார்.

ஜலதோஷத்துக்கு லீவு போடுகிற அளவுக்கு என்ன உத்தியோகமோ என்று அன்றைக்கும் திட்டினேன்.

இப்போது என் வீட்டுக் கதை. கல்யாணமாகி ஏழு வருடம் எங்களுக்குக் குழந்தை இல்லை. மனைவி ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறாள். கால் மில்லிமீட்டர் பிசகினாலும் பொறுக்க மாட்டாள். அவளுக்குக் கருக்குழாயில் அடைப்பு. எனக்கு விந்தணு எண்ணிக்கை கொஞ்சம் கம்மி, கீழே விதைப்பையில் லேசான நரம்பு வீக்கமும் இருந்தது. ஆஸ்பத்திரியில் கருமுட்டையை வெளியே எடுத்து, கண்ணாடித் தட்டில் சேர்த்து, கருவாக்கி உள்ளே வைத்தார்கள். தங்கவில்லை. அதற்காக அவள் வயிற்றில் போட்டுக்கொண்ட ஊசிகள் இருபத்தி ஒன்று. ஊசி குத்திய நீலத் தழும்புகள் மறைவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவைங்க. அதுக்கு மேல என் உடம்பும் தாங்காது, மனசும் தாங்காது. அதுவும் இல்லன்னா நாம ரெண்டு பேர்தான். சரியா?"

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? அந்த ஒரு தடவையில் என் பங்கைக் குறையில்லாமல் செய்துவிட வேண்டும் என்று வைராக்கியம் வந்தது. வைராக்கியம் வந்த ஆம்பளையைப் போல ஆபத்தான பிராணி உலகத்தில் இல்லை.

என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, உடற்பயிற்சிக் கூடமே கதி என்று கிடப்பவன். அவன்தான் ஒரு பெரிய கறுப்பு டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தான். "ஆர்ஜினின் பவுடர் மாமா. ரத்த ஓட்டத்தைத் தூக்கிவிடும். அந்த விஷயத்துக்கும் நல்லதாம், எல்லாரும் சொல்றாங்க." டப்பாவுக்குள் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கரண்டி கிடந்தது. நாளைக்கு ஒரு கரண்டி என்று டப்பாவின் மேலேயே அச்சடித்திருந்தது.

முதல் மாதம் ஒரு கரண்டிதான் போட்டேன். பவுடர் வேலை செய்கிறதா என்று பார்க்க நானே போய் மறுபடி பரிசோதனைக்குக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் அதற்கென்று ஒரு அறை உண்டு. ஒரு ரெக்சின் நாற்காலியும், கை கழுவும் தொட்டியும், அட்டை கிழிந்த பத்திரிகைகளும் கிடக்கும். சுவரில் சின்னதாக ஒரு இரும்புக் கதவு. நாம் இந்தப் பக்கம் திறந்து புட்டியை வைத்துவிட்டு மணியை அழுத்தினால், அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து உறை போட்ட ஒரு கை எடுத்துக்கொள்ளும். கையைத் தவிர வேறெதுவும் தெரியாது. புட்டியின் மேல் நம் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். நான் நானூற்றுப் பதினேழு.

பவுடருக்கு முன்னால் என் அணுக்களில் நேராக ஓடுபவை நூற்றுக்கு நாற்பத்து நாலு. ஒரு மாதம் கழித்து முப்பத்தாறு. என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? கடைசிக் குழாயில் அளவு குறைந்தால் இங்கே கூட்டு. அதுதானே என் தொழில்? இரண்டு கரண்டி ஆக்கினேன். அடுத்த தடவை இருபத்தேழு. நாலு கரண்டி ஆக்கினேன். அதற்கடுத்து பதினெட்டு. தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வதற்குக் கரண்டி வைத்து அளந்துகொண்டிருந்தேன்.

ஒவ்வொரு தடவையும் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். புகை பிடிப்பீர்களா, குடிப்பீர்களா, காய்ச்சல் வந்ததா, வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா? எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று மனசாட்சி குத்தாமல் எழுதினேன். பவுடர் மருந்து இல்லையே! மருந்துக்கடையிலா வாங்கினான் மச்சான்? பதினெட்டு வந்ததை மனைவியிடம் சொன்னேன். எந்தக் கரண்டியால் வந்தது என்று சொல்லவில்லை. இரண்டாவது முயற்சிக்கு நாள் குறித்தாகிவிட்டது, ஊசிகள் எட்டு நாளில் ஆரம்பம்.

சுவருக்கு அந்தப் பக்கம் நடந்தது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். சொன்னவர் அந்தக் கைக்காரியின் கணவர்.

அந்த அம்மா இருபத்தொரு வயதில் அந்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தது கண்ணாடிச் சாமான் கழுவ. எண்ணி முடித்த ஸ்லைடுகள் கழுவுவதற்கு இவரிடம் வரும். கழுவுவதற்கு முன்னால், ஆள் இல்லாத மைக்ராஸ்கோப்பில் வைத்துத் தானும் எண்ணிப் பார்ப்பார். பிறகு பதிவேட்டில் எட்டிப் பார்த்துத் தன் கணக்கோடு ஒப்பிடுவார். ஒரு வருடம் இப்படி யாருக்கும் தெரியாமல் ஓடியது. ஒரு நாள் வாய் சும்மா இருக்காமல், "சார், அது முப்பத்தொண்ணு இல்ல, இருபத்தி நாலு" என்று சொல்லிவிட்டார். கழுவுகிறவளுக்கு என்ன திமிர் என்று கோபித்துக்கொண்டே திரும்ப எண்ணினார்கள். இருபத்தி நாலு. பெரிய டாக்டர் அவரை மாலைக் கல்லூரிக்கு அனுப்பிப் படிக்க வைத்து, அந்த நாற்காலியிலேயே உட்கார வைத்தார். உட்கார்ந்து பத்தொன்பது வருடம் ஆகிறது.

ஒரு புட்டிக்கு இருநூறு அணு எண்ண வேண்டும். நேராக ஓடுவது, இடத்திலேயே துடிப்பது, அசையாமல் கிடப்பது என்று பிரித்து, வலது கட்டைவிரலால் எண்ணும் பொத்தானை அமுக்கிக்கொண்டே போக வேண்டும். பிறகு வேறொரு துளி எடுத்து இன்னொரு இருநூறு. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், இரண்டையும் அடித்துவிட்டு முதலில் இருந்து தொடங்குவார். அவசரம், மதியச் சாப்பாடு, கடைசி பஸ் எதற்கும் இந்த விதி வளையாது. அவருடைய இரண்டு பெண்களும் கேலி செய்வார்களாம், பஸ்ஸில் போகும்போதுகூட அம்மாவின் கட்டைவிரல் அமுங்கிக்கொண்டே இருக்கும், ஏறுகிறவர்களைத் தனியாக இறங்குகிறவர்களைத் தனியாக எண்ணிவிடுவார் என்று.

பக்கத்து அறையில் கண்ணாடித் தட்டுகளில் கருக்கள் வளர்கின்றன. வாசனைப் புகை அவற்றுக்கு ஆகாது. அதனால் பத்தொன்பது வருடமாக இந்த அம்மா முகத்துக்குப் பவுடர் பூசியதில்லை, வாசனை சோப்பு தொட்டதில்லை. கணவருக்கு பேக்கரியில் வேலை. மனுஷன் வனிலா வாசனையோடு வீட்டுக்குள் நுழைந்தால், குளித்துவிட்டுத்தான் சாப்பாடே. அவர் சட்டைகளுக்குத் தனிப் பெட்டி, அதுவும் மாடிப்படிக்குக் கீழே. இப்படி எந்த மணமும் இல்லாமல் வாழ்ந்தே அந்த மூக்கு கத்தி மாதிரி ஆகிவிட்டது. குழாயைத் திறந்தால் குளோரின் அவருக்கு மட்டும் தெரிவது அதனால்தான். வாசனையை உணர முடியாத மூக்கோடு அந்தக் கூடத்துக்குள் போகக் கூடாது என்று ஜலதோஷத்துக்கு லீவு போடுவதும் அதனால்தான்.

இன்னொன்றும் சொன்னார் கணவர். ஆரம்ப காலத்தில் ஒரு புட்டியின் சீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரைப் பார்த்துவிட்டாராம். எண்ணும்போது, துடிப்பதைக்கூட ஓடுவது என்று சேர்த்துவிட விரல் துடித்ததாம். நல்ல குடும்பம், நல்லா இருக்கட்டுமே என்று. பாதியில் எழுந்து கையைக் கழுவிவிட்டு, இன்னொருவரை எண்ணச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பெயரைப் பார்ப்பதில்லை. பெயர் இருக்கும் பக்கத்தை ஒரு அட்டையால் மறைத்துத்தான் பதிவேட்டையே திறப்பார். இரக்கத்தைக்கூடத் தராசில் ஏறவிடாத ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்த அட்டையோடுதான் நானூற்றுப் பதினேழின் பக்கத்தைப் பார்த்திருக்கிறார். நாற்பத்து நாலு, முப்பத்தாறு, இருபத்தேழு, பதினெட்டு. எண்ணிக்கை அப்படியே இருக்கிறது, ஓட்டம் மட்டும் படி இறங்குகிற மாதிரி இறங்குகிறது. நேராகப் பெரிய டாக்டரிடம் போனார்.

"இது தானா விழலை டாக்டர். யாரோ தள்ளிவிடுறாங்க. இந்த ஆள் எதையோ சாப்பிடுறார்."

"இல்லைன்னு நாலு தடவை எழுதிக் கொடுத்திருக்காரேம்மா?"

"நாம கேட்ட கேள்வி தப்பு. நானே கேட்டுப் பாக்கட்டுமா?"

டாக்டர் கேளுங்கள் என்றார். பெயர் தெரிந்துவிடக் கூடாதென்று, வரவேற்பில் இருக்கிற பெண்ணை எண்ணைச் சுழற்றச் சொல்லிவிட்டு போனை வாங்கிக்கொண்டாராம். நான் நிலையத்தில், தொட்டி ஓரம் நின்றிருந்தேன்.

"நானூத்திப் பதினேழுங்களா? பரிசோதனைக் கூடத்துல இருந்து பேசறேன். ஒரே ஒரு கேள்வி. உங்க வீட்டுல உள்ளே கரண்டி போட்ட டப்பா ஏதாவது இருக்கா?"

கையும் களவுமாகப் பிடிபட்டவன் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தேன்.

"இருக்குங்க. கறுப்பு டப்பா."

"மேல என்ன எழுதியிருக்கு?"

"ஆர்ஜினின்."

"எத்தனை கரண்டி?"

"நாலு."

அந்தப் பக்கம் மூச்சை இழுத்து விடும் சத்தம் கேட்டது. பிறகு நிதானமாகச் சொன்னார். "உடம்பு அந்த ஆர்ஜினினை வெச்சு நைட்ரிக் ஆக்சைடுன்னு ஒரு வாயுவைப் பண்ணிக்கும். அது கொஞ்சம் வேணும். ரத்தக் குழாய் விரியறதுக்கு வேணும், அணு ஓடறதுக்கும் வேணும். உங்களுக்கு அதைக் கொடுத்தவங்க சொன்னது பொய்யில்ல. ஆனா கூடிப்போச்சுன்னா அதே வாயு அணுவோட மேல்தோலை அரிக்கும். ஓட்டம் படுத்துரும், உள்ளே இருக்கிற மரபுச் சரக்கும் கெட்டுப்போகலாம். நரம்பு வீக்கம் இருக்கிறவங்களுக்கு அங்கே அது ஏற்கெனவே கொஞ்சம் கூடவே இருக்கும்னு சொல்றாங்க. அதுக்கு மேல நீங்க நாலு கரண்டி கொட்டியிருக்கீங்க. உங்களுக்கு இதுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா கொஞ்சம் கூடிருச்சு தம்பி."

அந்தக் கடைசி வார்த்தைகள்! அந்தக் குரல்!

"அம்மா... நீங்க... ஆறே முக்காலுக்கு போன் பண்றவங்களா?"

"அடக் கடவுளே, தண்ணித் தம்பியா?" என்றார். பிறகு குரலில் அதிகாரம் ஏறிவிட்டது. "நான் கூடிருச்சுன்னு சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"மீட்டரைப் பாத்துட்டுக் குறைச்சிருவேன்."

"ஒரு நாளாவது நான் சொன்னது தப்பா இருந்திருக்கா?"

"இல்லம்மா."

"அப்ப இதையும் நிறுத்துங்க. புது அணு உருவாகி வெளியே வர கிட்டத்தட்ட மூணு மாசம். அது வரைக்கும் ஊசியை ஆரம்பிக்க வேண்டாம்னு டாக்டர் சொல்றார். முடிவு உங்க ரெண்டு பேரோடது. ஊருக்கே அளந்து ஊத்துறீங்க, உங்களுக்கு அளந்துக்கத் தெரியாதா?"

பதினாலு வருட உத்தியோகத்தில் மேலதிகாரி யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அன்று தொட்டிச் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி சாப்பாட்டு மேஜையில் காலண்டரை விரித்து, ஊசி நாட்களைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். டப்பாவைக் கொண்டுவந்து காலண்டர் மேல் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, டப்பாவின் பொடி எழுத்தைப் படித்தாள்.

"ஒரு கரண்டின்னு போட்டிருக்கு."

"ஆமா."

"நீங்க நாலு."

"ஆமா."

"நான் தலைவலி மாத்திரை ஒண்ணு போட்டுக்கணும்னாக்கூட, டாக்டருக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டுத்தாங்க போட்டேன்." அவ்வளவுதான் சொன்னாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்று ராத்திரி இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

மறுநாள் அவளே ஆஸ்பத்திரிக்கு போன் செய்து, பரிசோதனைக் கூடத்து அம்மாவைக் கேட்டாள். நான் பக்கத்திலேயே நின்றேன்.

"எனக்கு முப்பத்தெட்டு ஆகப்போகுதும்மா. மூணு மாசம்கிறது எனக்குச் சும்மா இல்ல. இருக்கிறது ஒரே ஒரு தடவை. காத்திருந்தா சரியாயிரும்னு நீங்க சத்தியம் பண்ணுவீங்களா?"

"சத்தியம் பண்ண மாட்டேம்மா. எண்ணிப் பாத்துச் சொல்றேன். எனக்குத் தெரிஞ்சது அதுதான்."

மனைவி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இந்த அம்மாவை நம்பலாம்" என்றாள். காலண்டரில் போட்ட சிவப்பு வட்டங்களை ஒவ்வொன்றாக அடித்தாள். மச்சான் தன் டப்பாவைத் திருப்பி வாங்கிக்கொண்டு போகும்போது, அவனுக்கும் பொடி எழுத்தைப் படித்துக் காட்டி அனுப்பினாள். அப்போதும் என்னோடு சரியாகப் பேச இன்னும் இரண்டு வாரம் ஆயிற்று.

தொண்ணூற்றாறு நாள். அந்த நாட்களில் ஆறே முக்காலுக்கு போன் வந்தால் நான் எழுந்து நின்று பேசினேன். அவர் தண்ணீரைப் பற்றி மட்டும்தான் பேசுவார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அவருக்கு நான் இங்கே தண்ணித் தம்பி, அங்கே நானூற்றுப் பதினேழு. இரண்டையும் கலக்க அவருக்கு மனம் வரவில்லை.

தொண்ணூற்றேழாம் நாள் இரும்புக் கதவைத் திறந்து புட்டியை வைத்தேன். மணியை அழுத்தினேன். உறை போட்ட கை வந்து எடுத்துக்கொண்டு போயிற்று. வழக்கமாக ஒன்றரை மணி நேரத்தில் வரும் காகிதம் அன்று இரண்டரை மணி நேரம் ஆகியும் வரவில்லை. மனைவி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். காகிதம் வந்தது. முப்பத்தொன்பது.

ஏன் அவ்வளவு நேரம் ஆயிற்று என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவரே சொன்னார். "முதல் ரெண்டு எண்ணிக்கையும் அழகா ஒத்துப்போச்சு தம்பி. ஆனா எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. சந்தோஷத்தோட எண்ணினதை எப்படி நம்பறது? பக்கத்து சீட்டுப் பொண்ணைக் கூப்பிட்டு, நம்பரை மறைச்சு, அவளை எண்ணச் சொன்னேன். அவளுக்கும் அதே வந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்."

இரண்டாவது முயற்சியில் கரு தங்கியது. பவுடரை நிறுத்தியதால்தான் தங்கியது என்று டாக்டர் எழுதித் தர மாட்டார், நானும் கேட்கவில்லை. ஆனால் அன்று அந்தக் கேள்வி வந்திராவிட்டால், எங்களுடைய ஒரே ஒரு தடவையை நான் நாலு கரண்டி பவுடரில் கரைத்திருப்பேன் என்பது எனக்குத் தெரியும். இப்போது அந்த ஆஸ்பத்திரிப் படிவத்தில் கடைசிக் கேள்வி அதுதான்: உள்ளே கரண்டி போட்ட டப்பா ஏதாவது வீட்டில் இருக்கிறதா? அதற்கு இல்லை என்று பொய் எழுதுகிறவர்கள் குறைவாம்.

மகளுக்கு மூன்று மாதம் ஆனதும் அவர் வீட்டுக்குப் போனோம். முகவரி யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை, புகார் நோட்டே போதும். கதவைத் திறந்தவர் நான் நினைத்ததைவிடக் குள்ளம், காதோரம் நரை. உறை இல்லாத அந்தக் கையை அன்றுதான் பார்த்தேன். வலது கட்டைவிரல் ஓரத்தில் தோல் காய்த்துப் போயிருந்தது. உள்ளே பேக்கரிக்காரர் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் குளித்திருந்தார், பாவம்.

நான் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டித் தடுத்துவிட்டார். "வேண்டாம் தம்பி. ரெண்டாவது குழந்தைக்கு வருவீங்க. அப்ப நான்தான எண்ணணும்?"

மனைவி சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்தே செய்தாள். வாசனை சோப்போ பவுடரோ போடாமல், வெறும் குழாய்த் தண்ணீரில் குளிப்பாட்டிக் கொண்டுவந்திருந்த குழந்தையை அவர் மடியில் வைத்தாள். அவர் கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ கோடியைக் கண்ணாடியில் பார்த்தவர், ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாதவர் போல இருந்தார். பிறகு குனிந்து, இன்னும் ஈரம் காயாத உச்சந்தலையில் மூக்கை வைத்து ஆழமாக மோந்து பார்த்தார்.

நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"இன்னைக்கு அளவு சரியா இருக்கு தம்பி" என்றார்.

இத்தனை வருடத்தில் அந்த அம்மா எனக்கு அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.